ஜெபல் அலியில் நிற்கும் எள் கன்டெய்னர்: 35 சதவீதத் தள்ளுபடிக்குச் சம்மதிக்கலாமா?

ஈரோடு மாவட்டம் சிவகிரி வட்டாரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அப்பா காலத்து எள் மண்டியை இப்போது அண்ணனும் இவரும் நடத்துகிறார்கள். செக்குகளுக்கும் உள்ளூர் எண்ணெய் ஆலைகளுக்கும் கொடுத்துப் பழகியவர்கள், முதல்முறையாக வெளிநாட்டுக்குச் சரக்கு ஏற்றியிருக்கிறார்கள். 50 கிலோ மூட்டையாக 380 மூட்டை, 19 டன் வெள்ளை எள், ஒரு இருபதடி கன்டெய்னரில் தூத்துக்குடியிலிருந்து துபாயின் ஜெபல் அலிக்குப் போனது. டன் 1,600 டாலர், சி.ஐ.எஃப். விலை (காப்பீடும் கப்பல் கூலியும் சேர்ந்தது), மொத்தம் 30,400 டாலர். அதில் 20 சதவீதம், 6,080 டாலர், முன்பணமாக வந்துவிட்டது. மீதியை வாங்குபவர் தன் வங்கியில் கட்டிவிட்டு ஆவணங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். டி.பி. என்று சொல்கிற முறை.

சரக்கு இறங்கி மூன்று வாரம் ஆகிவிட்டது. ஈரப்பதம் 6 சதவீதத்துக்கு மிகக்கூடாது என்பது பேச்சு, 7.9 இருக்கிறது, பூஞ்சையும் பிடித்திருக்கிறது என்கிறார் வாங்குபவர். நான்கு படங்களும் ஒரு ஆய்வக அறிக்கையும் அனுப்பியிருக்கிறார். 35 சதவீதம் குறைத்தால் எடுப்பாராம், இல்லாவிட்டால் அப்படியே விட்டுவிடுவாராம். கூடவே, சரக்கை எடுக்க உரிமை தரும் கப்பல் ரசீதான அசல் பி.எல்.லை வங்கியிலிருந்து திரும்ப வாங்கி நேரே தனக்கு கூரியரில் அனுப்பச் சொல்கிறார். "போனது போகட்டும், முடித்துவிடு" என்கிறார் அப்பா. "ஒரு டாலர் குறைக்காதே, சரக்கைத் திருப்பிக் கொண்டுவா" என்கிறார் அண்ணன். அண்ணியின் நகை அடகில் இருக்கிறது. விவசாயிகளுக்குப் பாக்கி நிற்கிறது. ஈ.சி.ஜி.சி. (ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகம்) பாலிசி இருப்பதால் கடைசியில் அது காப்பாற்றும் என்று நம்புகிறார் வாசகர். ஆர்டர் நகலையும் ஏற்றுமுன் எடுத்த ஆய்வக அறிக்கையையும் இணைத்திருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் கூரியர் விஷயம். அசல் பி.எல்.லை எந்தக் காரணத்துக்காகவும் நேராக அனுப்பாதீர்கள். டெலக்ஸ் ரிலீஸ், அதாவது அசல் காகிதம் இல்லாமலே சரக்கை விடும் அனுமதி, கொடுக்கச் சொன்னாலும் அதே பதில்தான். இன்று உங்கள் கையில் இருக்கிற ஒரே பிடி அந்தக் காகிதம். அது வாங்குபவரின் வங்கியில், பணம் கட்டினால்தான் கொடுக்கலாம் என்ற உத்தரவோடு கிடக்கிறவரை சரக்கு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஏதாவது ஒரு தொகைக்கு நீங்கள் இறங்கினால்கூட, அந்தத் தொகையைக் கட்டினால் ஆவணத்தைக் கொடுங்கள் என்று உங்கள் வங்கி மூலமாகத் திருத்திய உத்தரவு அனுப்பினால் போதும். நேராக அனுப்பச் சொல்வதற்கு வியாபாரக் காரணம் எதுவும் கிடையாது.

அடுத்தது, எத்தனை சதவீதம் குறைப்பது என்ற பேச்சையே இப்போதைக்கு நிறுத்துங்கள். அப்பாவும் அண்ணனும் தொகையைப் பற்றி வாதாடுகிறார்கள். கன்டெய்னருக்குள் எத்தனை மூட்டை கெட்டிருக்கிறது என்பதோ உங்கள் மூவரில் யாருக்கும் தெரியாது. அது தெரிகிற வரையில் 35-ம் ஊகம்தான், பூஜ்யமும் ஊகம்தான்.

அந்த 7.9 எங்கிருந்து வந்தது?

எள்ளில் ஏறக்குறைய பாதி எண்ணெய். தண்ணீர் எண்ணெயில் தங்காது; மிச்சப் பாதியில்தான் தங்கும். நெல்லுக்கு 14 சதவீதம் வரை தாங்கும் என்று பழகிய கண்ணுக்கு எள்ளில் 8 என்பது சின்ன எண்ணாகத் தெரியும். உண்மையில் அது தானியத்தில் 16 இருப்பதற்குச் சமம். அதனால் 7.9 என்பது மெய்யானால் பூஞ்சையும் மெய்யாகவே இருக்கலாம். வாங்குபவர் வேண்டுமென்றே கதை கட்டுகிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஆனால் அந்த எண் மொத்தச் சரக்குக்கும் பொருந்துமா என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். உங்கள் அறிக்கையில் 5.8 சதவீதம். 19,000 கிலோவில் தண்ணீர் போக மிச்சம் 17,898 கிலோ. அதே சரக்கு 7.9 ஆக வேண்டுமென்றால் மொத்த எடை ஏறக்குறைய 19,430 கிலோ ஆகியிருக்க வேண்டும். அதாவது வழியில் 430 லிட்டர் தண்ணீர் உள்ளே போயிருக்க வேண்டும். மூடிய இருபதடி கன்டெய்னரின் காற்றில் இருக்கிற ஈரம் மொத்தமே ஒரு லிட்டர் சுமாருக்குத்தான். நனைந்த மரத்தளம் இன்னும் கொஞ்சம் தரலாம். 430 லிட்டர் வராது.

ஆக, மூன்றில் ஒன்றுதான் நடந்திருக்க முடியும். ஏற்றும்போதே பல மூட்டைகள் ஈரமாக இருந்து, உங்கள் மாதிரியில் அது தெரியாமல் போயிருக்கலாம். கன்டெய்னரில் ஓட்டை விழுந்து வெளித்தண்ணீர் இறங்கியிருக்கலாம். அல்லது, கூரையில் நீர் கோத்துச் சொட்டியதில் நனைந்த சில மேல் மூட்டைகளிலிருந்து மட்டும் அவர் மாதிரி எடுத்திருக்கலாம். ஐப்பசி மழையில் ஏற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். உள்ளே கிராஃப்ட் காகிதம் ஒட்டியதாகவோ ஈரம் உறிஞ்சும் பைகள் தொங்கவிட்டதாகவோ கடிதத்தில் இல்லை. மூன்றாவதற்கு வாய்ப்பு அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலாவதையும் தள்ள முடியாது.

இதில் இரண்டாவதைப் பிரித்தறிய எடைமேடை போதும். தூத்துக்குடியில் கப்பலேற்றும் முன் வி.ஜி.எம். (கன்டெய்னரின் சரிபார்த்த மொத்த எடை) சீட்டு கொடுத்திருப்பீர்கள். 2016 ஜூலையிலிருந்து அது இல்லாமல் கன்டெய்னர் ஏற முடியாது. ஜெபல் அலியில் மறுபடி எடை போடச் சொல்லுங்கள். இரண்டு எடையும் ஒன்றாக இருந்தால் வழியில் மொத்தச் சரக்கும் ஈரம் ஏறவில்லை என்பது உறுதி. நானூறு கிலோ வித்தியாசம் எந்த எடைமேடையிலும் தெரியும்.

படங்களை இன்னொரு முறை பாருங்கள்

நான்கு படத்திலும் தெரிவது கதவோரம் இருக்கிற மூட்டைகள் மட்டும். பி.எல். இன்னும் வங்கியில் இருக்கிறது. அப்படியானால் கதவைத் திறந்தது யார்? சுங்கமோ துபாய் மாநகராட்சியின் உணவுச் சோதனையோ மாதிரிக்காகத் திறந்திருந்தால் அது முறையானது. அதற்கு ஒரு தாள் இருக்கும். கப்பல் நிறுவனத்தின் உள்ளூர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி மூன்று விவரம் கேளுங்கள்: சீல் எந்தத் தேதியில் உடைக்கப்பட்டது, யார் முன்னிலையில், உடைத்த சீலின் எண் பி.எல்.லில் இருக்கிற எண்ணோடு ஒத்துப்போகிறதா. இன்று பூட்டியிருக்கிற புதுச் சீலின் எண்ணையும் வாங்கிவையுங்கள். முறையாகத் திறந்ததற்குச் சான்று இல்லையென்றால் அந்த ஆய்வக அறிக்கைக்கு மதிப்பு மிகவும் குறைந்துபோகும்.

உங்கள் அறிக்கைக்கும் அதே நியாயம்தான். தாளின் அடியில் சிறிய எழுத்தில், கொண்டுவந்து கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டும் முடிவு பொருந்தும் என்று அச்சிட்டிருக்கிறது. மண்டியில் நீங்களே எடுத்துக் கொடுத்த ஒரு கிலோ அது. அந்த ஒரு கிலோவைப் பற்றிச் சொல்லுமே தவிர 380 மூட்டைக்கும் பேசாது. ஏற்றுமதியில் மாதிரி என்றால் மூன்றாம் தரப்புச் சர்வேயர் வந்து, ஏற்றும்போதே அங்கங்கே குத்தூசி போட்டு, குறைந்தது இருபது மூட்டையிலிருந்து எடுத்துக் கலந்து, மூன்றாகப் பிரித்துச் சீல் வைப்பது. ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று வாங்குபவருக்கு, ஒன்று உங்களிடம். அந்த மூன்றாவது பொட்டலம் இருந்திருந்தால் இந்தத் தகராறு ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஆர்டரில் இருக்கிறது. ஏழாவது வரியில், தரத்துக்கும் எடைக்கும் இறங்கும் துறைமுகத்தின் முடிவே இறுதி என்று இருக்கிறது. அதன் கீழே உங்கள் கையெழுத்து. ஆகவே "ஏற்றும்போது சரியாக இருந்தது" என்ற வாதம் மட்டும் உங்களைக் காப்பாற்றாது. ஆனால் யார் சோதிப்பது, எப்படி மாதிரி எடுப்பது என்று அந்த வரி சொல்லவில்லை. வாங்குபவர் தானே எடுத்துத் தானே கொடுத்த மாதிரியை இறுதி என்று நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள்: இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் சர்வேயர், இருவரின் ஆள் முன்னிலையில், கன்டெய்னரின் முன், நடு, பின் மூன்று இடத்திலும், மேல் அடுக்கு கீழ் அடுக்கு இரண்டிலும் மாதிரி எடுக்கட்டும், செலவு பாதிப் பாதி. ஈரப்பதத்தோடு, எண்ணெய் கெட்டிருப்பதைக் காட்டும் தனிக் கொழுப்பு அமிலத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அது ஒப்பந்த வரம்பான 2 சதவீதத்துக்குள் இருந்தால், பூஞ்சை பிடிக்காத மூட்டைகளை உலர்த்திச் சலித்து அதே ஊரில் விற்கலாம். அஃப்ளடாக்ஸின் என்கிற பூஞ்சை நச்சுக்கான சோதனையையும் விட்டுவிடாதீர்கள். எள் விழுது ஆலைக்குப் போகிற சரக்கு இது, சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் தவறினால் தள்ளுபடிப் பேச்சுக்கே இடமில்லை, அந்த மூட்டைகளை உணவுக்கு விடக்கூடாது.

நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும் சில விஷயங்கள்

"சி.ஐ.எஃப். என்பதால் துபாய் சேரும்வரை நஷ்டம் எங்களுடையது" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. கப்பல் கூலியும் காப்பீடும் உங்கள் செலவு. சரக்கின் அபாயம் தூத்துக்குடியில் கப்பலேறியதுமே வாங்குபவருக்கு மாறிவிடும். கடல்நீர் புகுந்திருந்தால் அது அவர் தலையில். அதே சமயம், ஈரமாக ஏற்றியதாலோ உள்ளே காகிதம் ஒட்டாததாலோ கெட்டிருந்தால் அதை வழி அபாயம் என்று தள்ளிவிட முடியாது.

காப்பீட்டுத் தாளை எடுத்து எந்த கிளாஸ் (காப்பீட்டு விதித்தொகுப்பு) என்று பாருங்கள். சி.ஐ.எஃப்.புக்கு இன்கோடெர்ம்ஸ் 2020 என்ற சர்வதேச வணிக விதிகள் கேட்கிற குறைந்தபட்சம் இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாஸ் 'சி'. தீ, மோதல், கப்பல் மூழ்குதல் போன்றவற்றுக்குத்தான் அது. கன்டெய்னருக்குள் கடல்நீர் புகுவது 'பி'யில்தான் வருகிறது. 'ஏ' எடுத்திருந்தாலும் சரக்கின் இயல்பால் வந்த கேட்டுக்கும் சரியாகக் கட்டாததற்கும் பணம் கிடைக்காது. எதுவானாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு இன்றே தகவல் கொடுங்கள். ஓட்டை தெரிந்தால் கப்பல் நிறுவனத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். அவர்கள்மேல் வழக்குப் போட ஒரு வருடம்தான் அவகாசம்.

ஈ.சி.ஜி.சி. பற்றிய நம்பிக்கையைத்தான் கொஞ்சம் கலைக்க வேண்டியிருக்கிறது. வாங்குபவர் திவாலானால், பேசாமல் இழுத்தடித்தால், அந்த பாலிசி உதவும். அவர் தரத்தில் தகராறு எழுப்பிவிட்டால், அவர் நாட்டு நீதிமன்றத்தில் நீங்கள் தீர்ப்பு வாங்குகிறவரை அந்த நஷ்டத்துக்குப் பணம் வராது. என்றாலும் பாக்கி விவரத்தைத் தவறாமல் தெரிவியுங்கள். பணம் வரவேண்டிய நாளிலிருந்து 30 நாள் தாண்டிய பாக்கியை அடுத்த மாதம் 15-க்குள் சொல்ல வேண்டும். தள்ளுபடி கொடுப்பதானாலும் வேறொருவருக்கு விற்பதானாலும் அவர்களிடம் முன்னனுமதி வாங்குங்கள். வாங்காமல் செய்தால் பின்னால் நியாயமான கோரிக்கையும் தள்ளுபடியாகும்.

உத்யம் பதிவு இருப்பதால் சிறுதொழில் கவுன்சிலில், 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற விதியைச் சொல்லி மனுப் போடலாம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வழி இந்தியாவில் இருக்கிற வாங்குபவருக்கு மட்டும். மாறாக, "துபாய்க்காரர் இங்கே வந்து நம்மை என்ன செய்ய முடியும்" என்கிற அண்ணனின் தைரியமும் சரியில்லை. 2020 ஜனவரியிலிருந்து ஐக்கிய அமீரக நீதிமன்றத் தீர்ப்பை இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்திலேயே நிறைவேற்றிக்கொள்ளலாம். தூதரகம் வழியாக அவர் புகார் கொடுத்து, நீங்கள் பதில் சொல்லாமல் இருந்தால், ஏற்றுமதிக்குத் தேவையான ஐ.இ.சி. எண்ணுக்கே ஆபத்து. அதே வாசல் உங்களுக்கும் திறந்திருக்கிறது: கோவையில் உள்ள டி.ஜி.எஃப்.டி. (வெளிநாட்டு வர்த்தக இயக்ககம்) அலுவலகத்தின் தரப்புகார், வணிகத் தகராறுக் குழுவில் நீங்களும் மனுக் கொடுக்கலாம். துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் வணிகப் பிரிவுக்கும் எழுதலாம். உத்தரவு போட்டுப் பணம் வாங்கித் தரும் இடங்கள் அல்ல அவை. ஆனால் வாங்குபவரைப் பேச்சுக்கு உட்கார வைக்கும்.

கன்டெய்னரை எடுக்காமல் நிறுத்திவைப்பதற்கான தாமத வாடகை, டெமரேஜ், வாங்குபவர் பாடு என்றும் நினைக்காதீர்கள். அவர் எடுக்காமல் விட்டால் பி.எல். விதிப்படி கப்பல் நிறுவனம் ஏற்றியவரைத்தான் பிடிக்கும். அது நாளாக ஆக நாள் வாடகையே ஏறிக்கொண்டு போகிற கணக்கு. சர்வேயை நான் இந்த வாரமே என்று சொல்வது இதனால்தான்.

35 சதவீதத்தை நீங்களாகக் கொடுத்துவிட முடியாது

இதை அப்பாவிடம் நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். ஏற்றுமதி விலையைக் குறைப்பது உங்களுக்கும் வாங்குபவருக்கும் மட்டும் நடக்கிற பேரம் அல்ல. சுங்கத்தில் கொடுத்த ஷிப்பிங் பில்லில் 30,400 டாலர் என்று பதிவாகியிருக்கிறது. அந்த முழுத்தொகையும் வந்ததா என்று ரிசர்வ் வங்கியின் இ.டி.பி.எம்.எஸ். கணக்கு பார்த்துக்கொண்டே இருக்கும். தக்க காரணம் காட்டினால் உங்கள் வங்கி தன் அதிகாரத்தில் 25 சதவீதம் வரை குறைக்க அனுமதிக்கலாம் என்பதே வங்கிகள் பின்பற்றி வந்த விதி. வரம்பில்லாத சலுகை மூன்று வருடத்துக்கு மேல் ஏற்றுமதி செய்து நல்ல வரவு காட்டியவர்களுக்கு. உங்களுக்கு இது முதல் கன்டெய்னர். 25 சதவீதம் என்றால் 7,600 டாலர். அவர் கேட்பது 10,640. இடையில் இருக்கிற 3,040 டாலரை வாய்ப்பேச்சில் விட்டுக்கொடுத்தால், உங்கள் கணக்கில் அது வராத ஏற்றுமதிப் பணமாகவே தொங்கும். பணம் வர அவகாசம் முன்பு 9 மாதம் இருந்தது, 2025 நவம்பரில் 15 மாதம் ஆக்கினார்கள். இந்த விதிகள் அடிக்கடி திருத்தம் ஆகிறவை. ஆகவே எதற்கும் ஒப்புக்கொள்ளும் முன் உங்கள் கிளையின் அந்நியச் செலாவணிப் பிரிவில் எழுத்தில் கேட்டுப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ஏற்றுமதிக்காக அரசு வரியைத் திருப்பித் தரும் டிராபேக், ரோட்டெப் சலுகைகளை, குறைத்த பங்குக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். ஜி.எஸ்.டி. உள்வரி ரீஃபண்ட் வாங்கியிருந்தால், பணம் காலத்துக்குள் வராத பங்குக்கு 96பி விதிப்படி அதையும் திருப்ப வேண்டிவரும்.

இந்த வங்கி வரம்பு பேரத்தில் உங்களுக்குச் சாதகமும்கூட. "25-க்கு மேல் குறைக்க எங்கள் வங்கிக்கே அதிகாரம் இல்லை" என்று கிளை எழுத்தில் உறுதிசெய்யட்டும். அதை அப்படியே அவருக்கு எழுதலாம். விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்று அவர் மிரட்டுவதையும் கணக்காகப் பாருங்கள். போனால் அவருடைய 6,080 டாலர் முன்பணம் சிக்கலில் விழும். அவருக்கும் முடிக்க வேண்டிய அவசியம் இருக்கிறது.

திருப்பிக் கொண்டுவரலாமா?

அண்ணன் சொல்வது சட்டப்படி முடியும். ஏற்றுமதியான சரக்கை மூன்று வருடத்துக்குள், வாங்கிய சலுகைகளைத் திருப்பிக் கட்டி, வரி விலக்கோடு இறக்கலாம். ஆனால் வருகிற கப்பல் கூலி, அதுவரையான டெமரேஜ், இங்கே எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உணவுத்தரச் சோதனை, தாவரத் தடுப்புக் காப்பு அனுமதி, இவ்வளவும் தாண்டி வந்து சேர்வது பூஞ்சை பட்ட எள். வெளிநாட்டில் மறுக்கப்பட்டது என்பது தெரிந்தால் இங்கேயும் விலை விழும். ஒரு கன்டெய்னர் எள்ளுக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் கட்டாது.

அதற்கு முந்தைய படி, அதே ஊரில் வேறொரு ஆலைக்கு விற்பது. முழுப்பணம் வராத விற்பனையாளர் என்ற முறையில், சரக்கு விற்பனைச் சட்டத்தின் 54-வது பிரிவு உங்களுக்கு மறுவிற்பனை உரிமை தருகிறது. ஆனால் முதல் வாங்குபவருக்கு நோட்டீஸ் கொடுத்து நியாயமான அவகாசம் விட வேண்டும். நோட்டீஸ் இல்லாமல் விற்றால் குறைந்த தொகையை அவரிடம் கேட்க முடியாது. நடைமுறையில் இன்னொரு தடை உண்டு. துறைமுகப் பதிவில் அவர் பெயர் இருப்பதால், பெயர் மாற்ற அவருடைய ஆட்சேபணை இன்மைக் கடிதத்தைக் கேட்பார்கள். முன்பணத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தருவதாகச் சொல்லி அந்தக் கடிதத்தை வாங்கலாம்.

என் கருத்து இது. சர்வே நடக்கட்டும். கதவோர மூட்டைகளும் மேல் அடுக்கும் மட்டும்தான் கெட்டவை என்று தெரிந்தால், கெட்ட மூட்டைகளின் எண்ணிக்கைக்கு முழு விலையும் நல்லவற்றைப் பிரித்தெடுக்கும் கூலியும் குறைத்துக்கொண்டு முடியுங்கள். 380-ல் 40 மூட்டை கெட்டது என்றால் அதன் விலை 3,200 டாலர். பிரிக்கும் கூலியும் டெமரேஜில் ஒரு பங்கும் சேர்ந்தாலும் 25 சதவீதத்துக்குள் அடங்கும். மொத்தமும் ஈரம் என்று வந்தால், வருத்தமாக இருந்தாலும், 25 சதவீதத்துக்கு ஒட்டி முடிப்பதுதான் மற்ற எந்த வழியையும்விட மலிவு. உடன்பாட்டுத் தாளில் திருத்திய விலை, டெமரேஜ் யார் கட்டுவது, எந்தத் தேதிக்குள் பணம் என்பதோடு, இந்தச் சரக்கைப் பற்றி இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வரியும் இருக்க வேண்டும். அந்த வரி இல்லாமல் 25 கொடுத்தால், சரக்கு ஆலைக்குப் போனபின் இன்னொரு 10 கேட்டு வருவார்கள்.

நகைக்கடனையும் விவசாயிகள் பாக்கியையும் பற்றி ஒரு வார்த்தை. முன்ஏற்றுமதிக் கடனும் இருந்தால், கெடு தாண்டி 90 நாள் ஆகி வாராக்கடன் ஆகும்வரை காத்திருக்காமல் இப்போதே வங்கி மேலாளரிடம் சர்வே கடிதத்தோடு போய் நீட்டிப்பு கேளுங்கள். காரணத்தைக் காகிதத்தில் காட்டுகிறவருக்கு நீட்டிப்பு கிடைப்பது எளிது. வந்திருக்கிற 6,080 டாலரில் முதலில் சிறு விவசாயிகளின் பாக்கியைத் தீர்த்துவிடுங்கள். மாசிக்குப் பிறகு புது எள் வரும்போது அவர்கள் உங்கள் மண்டிக்கு மூட்டை கொண்டுவர வேண்டும்.